கூட நின்று பார்க்க ஓர் ஆள்

‘கோச்’ என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது ரயில் பெட்டி. எஸ் ஃபோர் எங்கே நிற்கும் என்று போர்ட்டரைக் கேட்டுக்கொண்டே, ஒரு கையில் சூட்கேஸும் மறு கையில் குழந்தையுமாக பிளாட்பாரத்தில் ஓடுவோமே, அந்த கோச். பெரம்பூரில் 1955-லிருந்து செய்கிறார்கள். அடுத்ததாக, இந்திய அணி தோற்ற மறுநாள் காலையில் டீக்கடை முதல் டி.வி. வரை எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவர். இந்த இரண்டும் தவிர மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது என்பது என் நண்பனுக்குப் போன மாதம்தான் தெரியவந்தது.

என்னோடு பி.காம். படித்தவன். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறான். சமீபத்தில் பெரிய பிரமோஷன். அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர் இருந்தது, ஒரே கையெழுத்தில் நூற்று நாற்பது பேர் ஆகிவிட்டது. கூடவே ஹெச்.ஆரிலிருந்து ஒரு மெயில். ‘உங்களுக்கு ஆறு மாத எக்ஸிக்யூட்டிவ் கோச்சிங் அளிக்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. மூன்று கோச்களின் விவரம் இணைப்பில். வெள்ளிக்கிழமைக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தெரிவிக்கவும்.’

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணினான். “எனக்கு என்னடா குறைன்னு கோச் வைக்கறாங்க? பிரமோஷன் குடுத்துட்டு டியூஷனும் வைப்பாங்களா?”

அந்தக் கோபம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அடங்கியதும் நியாயமான கேள்வி வந்தது. “சரி, இந்த மூணு பேர்ல யாருடா நல்ல ஆளு?”

மூன்று விவரத்தையும் எனக்கு அனுப்பிவைத்தான். படித்துப் பார்த்தேன். மூன்றையும் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியதுபோல் இருந்தது. மூவருமே நமக்குள் உறங்குகிற ஆற்றலைத் தட்டி எழுப்புகிறார்கள். மூவருமே பயணத்தில் உடன் வருகிறார்கள். மூவருமே கையைக் கட்டிக்கொண்டு பாதி சிரிப்பு சிரிக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் மூன்று மூன்று எழுத்தாகப் பட்டங்கள், சரக்கு ரயில் மாதிரி கோத்துக் கிடக்கின்றன. ஒருவர் வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். இன்னொருவர் ஹெச்.ஆர். தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் ஒரு பெண்மணி, தொழிற்சாலை நிர்வாகத்தில் இருந்து வந்தவர். இதை வைத்துக்கொண்டு எப்படித் தேர்ந்தெடுப்பது? ஜாதகத்திலாவது கட்டம் மாறும்.

நண்பனின் மேலதிகாரி ஒரு புத்தகத்தையும் கையில் கொடுத்து, “இதைப் படி, கோச்சிங்னா என்னன்னு புரியும்” என்று சொல்லியிருந்தாராம். அவனுக்கு நேரமில்லை. “நீதான் புக்கு பத்தியெல்லாம் எழுதறியே” என்று என் தலையில் கட்டிவிட்டான். இந்த வாரம் அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான். உங்கள் கம்பெனியிலும் அந்த மெயில் வரலாம். மெயில் வராவிட்டாலும் நீங்களே கைக்காசு போட்டு ஒரு கோச்சைத் தேடும் உத்தேசம் இருக்கலாம். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புத்தகத்தின் பெயர் ‘ட்ரில்லியன் டாலர் கோச்’. 2019-ல் வந்தது. எழுதியவர்கள் மூன்று பேர். கூகுளின் தலைமை நிர்வாகியாக இருந்த எரிக் ஷ்மிட், அங்கே அவரோடு வேலை பார்த்த ஜோனதன் ரோசன்பர்க், ஆலன் ஈகிள். நாயகன் பில் கேம்ப்பெல். அமெரிக்கக் கால்பந்துக்கு கோச்சாக இருந்து, அதை விட்டு விளம்பரக் கம்பெனிக்குப் போய், கோடாக், ஆப்பிள் என்று சுற்றி, இன்ட்யூட் கம்பெனியின் தலைமை நிர்வாகியாகி, பிற்பாடு சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய தலைகளுக்கெல்லாம் கோச் ஆனவர். ஸ்டீவ் ஜாப்ஸ், லாரி பேஜ், எரிக் ஷ்மிட் என்று பட்டியல் போகிறது. நம் சுந்தர் பிச்சையும் அதில் உண்டு. 2016 ஏப்ரலில் கேம்ப்பெல் இறந்தபோது அஞ்சலிக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக், அமேசான் முதலாளிகளெல்லாம் ஒரே மைதானத்தில். இவர் கை பட்ட கம்பெனிகளின் மதிப்பைக் கூட்டினால் ட்ரில்லியன் டாலர், அதாவது லட்சம் கோடி டாலர் தாண்டும் என்பதால் புத்தகத்துக்கு அந்தப் பெயர்.

சுகமான புத்தகம். ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம். கேம்ப்பெல் ரொம்பவும் பிடித்துப்போகிற ஆசாமி. பார்த்தவரையெல்லாம் கட்டிப்பிடிப்பார். கெட்ட வார்த்தையில் திட்டுவார், திட்டு வாங்கியவர் சந்தோஷமாகத் திரும்பிப் போவார். திங்கட்கிழமை மீட்டிங்கை, ‘வார இறுதியில் எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள்’ என்று ஆரம்பிக்கும் பழக்கம் அவர் சொல்லிக் கொடுத்தது. வெட்டிப் பேச்சு என்று தோன்றும். எதிரில் இருப்பவனுக்கும் பெண்டாட்டி, பிள்ளை, கால்வலி உண்டு என்று தெரிந்த பிறகு அவனோடு சண்டை போடும் தினுசே மாறிவிடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான். நாளைக்கே உங்கள் ஆபீசில் செய்து பார்க்கலாம், செலவில்லை.

ஆனால் நண்பனின் கேள்விக்கு இந்த இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் பதில் கிடையாது. கேள்வி மட்டும் ஓரிடத்தில் எட்டிப் பார்க்கிறது. அதுவும் கேலிப்பொருளாக.

2002-ல் ரோசன்பர்க் கூகுளில் வேலைக்குப் போகிறார். எல்லாம் பேசி முடிந்த மாதிரிதான். கடைசியாக ஒருவரைப் பார்க்கச் சொல்கிறார்கள், அவர் கேம்ப்பெல். உன் மூளையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை, கோச் சொன்னால் கேட்டுக்கொள்கிற ஆளா நீ என்பது மட்டும் தெரியவேண்டும் என்கிறார் கேம்ப்பெல். ரோசன்பர்க் யோசிக்காமல், அது கோச் யார் என்பதைப் பொறுத்தது என்று சொல்லிவிடுகிறார். கேம்ப்பெலுக்குச் சுருக்கென்றது. அதிகப்பிரசங்கிகளுக்கு கோச்சிங் ஏறாது என்று சொல்லி எழுந்துவிடுகிறார். இவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு உட்கார வைக்கிறார். அப்புறம்தான் வேலை கிடைக்கிறது. தன் திமிர் அடங்கிய கதையாக இதை ரோசன்பர்க் சொல்கிறார். நாமும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம்.

நான் திருப்பிய பக்கத்தை மறுபடி புரட்டி வந்தேன். அது கோச் யார் என்பதைப் பொறுத்ததுதானே? அதில் என்ன அதிகப்பிரசங்கித்தனம்? ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே நிலைத்து, அது ஐரோப்பா முழுக்கப் பரவி, 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் பரீட்சையைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிடும் டியூஷன் வாத்தியாரைக் கிண்டலாக ‘கோச்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம். வண்டியில் ஏறுகிறவன் இது எங்கே போகும், ஓட்டுகிறவன் யார் என்று கேட்டால் தப்பா? கேட்காமல் ஏறினால்தான் தப்பு.

புத்தகத்தின் பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது. எண்பது பேருக்கு மேல் பேட்டி கண்டிருக்கிறார்கள். எல்லோரும் ஜெயித்தவர்கள். எல்லோருக்கும் கேம்ப்பெல் மேல் கண்ணீர் மல்கும் பிரியம். அவரிடம் கோச்சிங் எடுத்துக்கொண்டும் தேறாதவர் ஒருவர்கூடவா இருக்க மாட்டார்? ஒரு கம்பெனியின் கணக்கில் வரவுப் பக்கம் மட்டும் அச்சிட்டு நீட்டினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? பி.காம். படித்தவனுக்கு மறுபக்கத்தைத் தேடாமல் தூக்கம் வராது.

தேடினால் சில பற்றுகள் புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழக அணிக்கு அவர் 1974 முதல் 1979 வரை கோச். ஆறு வருஷத்தில் வெற்றி 12, தோல்வி 41, சமன் 1. இரக்கம் அதிகம், கால்பந்துக்கு அது ஆகாது என்று இதற்கும் ஒரு நல்ல காரணம் சொல்லிவிடுகிறார்கள். இருக்கட்டும். மூன்று ப்ரொஃபைல்களில் ஒன்றில் ‘12-41-1’ என்று போட்டிருந்தால் நண்பன் அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பானா? மாட்டான். கேம்ப்பெல் நஷ்டமாகியிருப்பார். பழைய ஸ்கோரை வைத்து கோச்சை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எதை வைத்துத்தான் எடைபோடுவது என்ற அடுத்த கேள்வியைப் புத்தகம் கேட்பதில்லை.

அன்பு, நம்பிக்கை, குழு மனப்பான்மை என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகிறது. நடுவில் போகிறபோக்கில் ஒரு விஷயம் வருகிறது. ஷ்மிட் நடத்தும் வாராந்திர மீட்டிங்கில் கேம்ப்பெலும் வந்து உட்காருவார். கூகுளின் சம்பளப் பட்டியலில் இல்லாத மனிதர், அதே அறையில், அதே மேஜையில். யார் பேசும்போது யார் முகம் சுளிக்கிறார், யார் கேட்டும் கேட்காத மாதிரி போனை நோண்டுகிறார், தலைவர் எந்த இடத்தில் வெட்டிப் பேசுகிறார் என்றெல்லாம் பார்ப்பார். பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்.

என்னைக் கேட்டால் முழு ரகசியமும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. கட்டிப்பிடிப்பதில் இல்லை. ஷ்மிட் வந்து சொன்ன கதையைக் கேட்டு கேம்ப்பெல் யோசனை சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார். இன்றைக்குப் பெரும்பாலான கோச்சிங் எப்படி நடக்கிறது? மாதம் இரண்டு தடவை, ஒரு மணி நேரம், கம்ப்யூட்டர் திரையில். நீங்கள் உங்களைப் பற்றி ஒரு கதை சொல்வீர்கள். அந்தக் கதைக்கு அவர் அழகான கேள்விகள் கேட்பார். கேள்வி கேட்டே பதிலை வரவழைப்பது ஒரு கலைதான், மறுக்கவில்லை. டென்னிஸ் சொல்லிக் கொடுத்த டிமோதி கால்வே 1974-ல் எழுதிய புத்தகத்தில் பிறந்து, கார் பந்தய வீரர் ஜான் விட்மோர் 1992-ல் எழுதிய புத்தகத்தில் ஆபீசுக்குள் வந்த பாணி அது. ஆனால் கால்வே டென்னிஸ் கோர்ட்டில் நின்றார். எதிரில் பந்து எகிறுவதை அவரும் பார்த்தார், மாணவரும் பார்த்தார். ஆபீசுக்கு வந்தபோது கேள்விகள் மட்டும் வந்தன. கோர்ட் வரவில்லை.

இன்னொரு பற்று, கொஞ்சம் பெரியது. கேம்ப்பெல் 1997 முதல் 2014 வரை ஆப்பிள் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தார். அதே காலத்தில் கூகுளுக்கும் கோச். கூகுள் ஆண்ட்ராய்டில் இறங்கி, இரண்டு கம்பெனியும் அடித்துக்கொண்டபோது ஜாப்ஸ் கோபப்பட்டார் என்று புத்தகமே சொல்கிறது. எனக்குத் தொழில்நுட்பமெல்லாம் தெரியாது, கம்பெனியை ஒழுங்காக நடத்தத்தான் சொல்லிக் கொடுக்கிறேன் என்று கேம்ப்பெல் சமாளித்திருக்கிறார். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது.

கோர்ட் ஆவணத்தில் அவ்வளவு நன்றாக இல்லை. ஆப்பிள், கூகுள் உள்ளிட்ட கம்பெனிகள், ஒருவர் ஊழியரை மற்றவர் வேலைக்கு இழுப்பதில்லை என்று தங்களுக்குள் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டன. இது சட்டவிரோதம் என்று அமெரிக்க நீதித்துறை 2010-ல் கையை முறுக்கியது. கம்பெனிகள் பணிந்து உடன்பாட்டுக்கு வந்தன, அதில் கேம்ப்பெல் தலைவராக இருந்த இன்ட்யூட்டும் ஒன்று. பிறகு சுமார் 64,000 ஊழியர்கள் சார்பில் தனியாக வழக்கு. 2015-ல் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி நான்கும் சேர்ந்து 41.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டன. அந்த வழக்கில் வெளியான கடிதங்களில் ஒன்று, 2005-ல் கேம்ப்பெல் ஜாப்ஸுக்கு அனுப்பிய மெயில். ஆப்பிள் ஆட்களைச் சேர்க்கும் முயற்சியைத் தானே தலையிட்டு நிறுத்திவிட்டதாக ஷ்மிட் தன்னிடம் சொன்னார் என்று அதில் தகவல் தருகிறார்.

வழக்கு கம்பெனிகள் மேல்தான், கேம்ப்பெல் மேல் இல்லை. அவர் கூகுளிடம் சம்பளம் வாங்க மறுத்தவர், பணத்துக்காக எதையும் செய்தார் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த மெயிலை ஒரு ஊழியனாகப் படித்துப் பாருங்கள். கோச்சின் ஒரு காதில் விழுந்தது இன்னொரு வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பெரிய தலைகளுக்கு அதில் லாபம். சம்பளம் கூடக் கிடைக்குமா என்று இடம் மாற நினைத்த எஞ்சினீயருக்கு நஷ்டம். எண்பது பேர் பேட்டியில் அந்த எஞ்சினீயர் எதற்கு வரப்போகிறார்?

இதைச் சொன்னதும் நண்பன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது போனிலேயே தெரிந்தது. “இரு இரு. எனக்கு வர்ற கோச்சுக்குக் காசு குடுக்கறது கம்பெனிதானே? அப்ப நான் சொல்றது எங்க போகும்?”

அதான் கேள்வி. ஆடிட்டருக்கும் ஃபீஸ் கொடுப்பது கம்பெனிதான். ஆனால் அவர் யாருக்கு ரிப்போர்ட் எழுதவேண்டும், எதை எழுதவேண்டும், எதை மறைத்தால் லைசென்ஸ் போகும் என்பதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. பட்டயக் கணக்காளர் சட்டம் 1949-ல் வந்தது. கோச்சுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. இந்தியாவிலும் கிடையாது, அமெரிக்காவிலும் கிடையாது. நாளைக் காலை நான் ‘கோச்’ என்று வாசலில் போர்டு மாட்டினால் எந்த அதிகாரியும் வந்து கேட்க மாட்டார். 2004-லேயே ‘ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூ’ இந்தத் தொழிலை, துப்பாக்கியோடு திரிந்த பழைய அமெரிக்க மேற்குப் பிரதேசத்தோடு ஒப்பிட்டுத் தலைப்பு வைத்துக் கட்டுரை போட்டது.

அதே பத்திரிகை 2009-ல் 140 கோச்களிடம் ஒரு சர்வே எடுத்தது. ஃபீஸ் ஒரு மணி நேரத்துக்கு 200 டாலரிலிருந்து 3,500 டாலர் வரை. (ஒரே சந்தையில் கத்திரிக்காய் கிலோ இருபது ரூபாய்க்கும் முந்நூற்றைம்பது ரூபாய்க்கும் விற்றால் நாம் என்ன நினைப்போம்?) என்னை உட்கார வைத்தது வேறு ஒரு கணக்கு. வாடிக்கையாளரின் சொந்த விஷயங்களைச் சரிசெய்வதற்காக அமர்த்தப்பட்டோம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 3 பேர். சொந்த விஷயங்களிலும் உதவியிருக்கிறோம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 76 பேர். புரிகிறதா? டெலிகேஷன் பற்றிப் பேச உட்காருவீர்கள். மூன்றாவது வாரம் தூக்கம் வராதது, வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாதது, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் வெளியே வரும். கேட்டுக்கொள்கிறவர் டாக்டர் இல்லை. மனநல மருத்துவரிடம் போகவேண்டிய ஆளை நேர நிர்வாகம் சொல்லிக் கொடுத்து மேலும் கெடுத்துவிடும் ஆபத்து உண்டு என்று ஸ்டீவன் பெர்க்ளாஸ் என்ற உளவியலாளர் 2002-லேயே எழுதினார். அவரும் எக்ஸிக்யூட்டிவ் கோச்சிங் செய்தவர்தான்.

சர்டிஃபிகேட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1995-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்ற சர்வதேச அமைப்பு மூன்று படியாகத் தருகிறது. நண்பனுக்கு வந்த ப்ரொஃபைல்களில் இருந்த மூன்றெழுத்துகளில் சில அதுதான். ஏ.சி.சி. என்றால் குறைந்தது 60 மணி நேரப் படிப்பு, 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம். பி.சி.சி. என்றால் 125-ம் 500-ம். எம்.சி.சி. என்றால் 200-ம் 2,500-ம். (எம்.சி.சி. என்றால் நமக்குத் தாம்பரம் காலேஜ்.) ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஓரளவு வண்டி ஓட்டியிருக்கிறார் என்று தெரியும், ஒழுங்கு விதிகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று தெரியும். உங்களைப் பார்க்கத் தெரிந்தவரா என்பது தெரியாது.

பார்ப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள, அந்தப் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு கட்டுரையைச் சிபாரிசு செய்வேன். 2011 அக்டோபரில் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் அதுல் கவாண்டே எழுதியது. பாஸ்டனில் அறுவை சிகிச்சை நிபுணர். பெற்றோர் இந்தியாவிலிருந்து போன டாக்டர்கள். எட்டு வருஷம் கத்தி பிடித்த பிறகு, தன் கை இதற்கு மேல் முன்னேறவில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கல்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் குறைவது நின்றுவிட்டது. டென்னிஸ் சாம்பியனுக்கு கோச் உண்டு, மேடைப் பாடகிக்கு உண்டு, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டுக்கொள்கிறார். தனக்குப் பயிற்சிக் காலத்தில் சொல்லிக் கொடுத்த ராபர்ட் ஆஸ்டீன் என்ற ஓய்வுபெற்ற சர்ஜனைக் கூப்பிட்டு, என் தியேட்டரில் வந்து நின்று பாருங்கள் என்கிறார்.

முதல் நாள் ஒரு தைராய்டு ஆபரேஷன். கிழவர் நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நிற்கிறார். வாயே திறக்கவில்லை. அவ்வப்போது இடம் மாறி நின்று எட்டிப் பார்க்கிறார், எழுதிக்கொள்கிறார். ஆபரேஷன் பிரமாதமாகப் போனதாக கவாண்டேவுக்கு எண்ணம். முடிந்தபின் உட்கார்ந்து பேசுகிறார்கள். துணி விரித்த விதத்தில் உனக்கு வசதி, எதிரில் நிற்கும் உதவியாளர்களுக்கு இடைஞ்சல். உன் முழங்கை சில சமயம் தோள் உயரத்துக்கு எழும்புகிறது, அப்படி இருந்தால் கையில் துல்லியம் இருக்காது. விளக்கு காயத்தை விட்டு நகர்ந்து போய் அரை மணி நேரம் ஆயிற்று, வேறெங்கோ பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் வேலை பார்த்திருக்கிறாய், கவனித்தாயா?

கவனிக்கவில்லை. அந்த இருபது நிமிடப் பேச்சில் கிடைத்தது முந்தைய ஐந்து வருஷத்தில் கிடைக்கவில்லை என்று கவாண்டே எழுதுகிறார். உள்ளே உறங்கும் ஆற்றல் எதுவும் தட்டி எழுப்பப்படவில்லை. முழங்கையைக் கீழே இறக்கு, லைட்டைப் பார். அவ்வளவுதான்.

கட்டுரையில் என்னை அதிகம் பாதித்தது வேறு இடம். ஒரு நாள் அந்தக் கிழவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கேஸ் சரியாகப் போகவில்லை. ரத்தக் கசிவு. கவாண்டேவுக்கு அவமானமாகிவிடுகிறது. ஆஸ்டீன் திட்டவில்லை. திட்டாவிட்டாலும், நான் நினைத்த அளவுக்கு நான் தேர்ந்தவன் இல்லை என்பதை இன்னொரு ஜோடிக் கண் பார்த்துவிட்டதே என்று கூசிப்போகிறார். கோச்சிங்கின் உண்மையான விலை இதுதான் என்று நினைக்கிறேன். எந்த விலைப்பட்டியலிலும் இது வராது. கவாண்டே அதைக் கொடுத்தார். எழுதவும் செய்தார். ‘ட்ரில்லியன் டாலர் கோச்’சில் கூசிப்போன முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில் நிற்கவில்லை.

ஒரு குறையும் சொல்லவேண்டும். கவாண்டே பேர் பெற்ற டாக்டர். குருவைத் தானே தேர்ந்தெடுத்தார், பார்த்ததை ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் போய்ச் சொல்வாரோ என்ற பயம் அவருக்கு இல்லை. நண்பனுக்கு அந்த சௌகரியம் இல்லை. அவனுக்கு ஆள் அனுப்புவதே நிர்வாகம்தான்.

ஆகவே வியாழக்கிழமை ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து கேள்விகளைத் தயார் செய்தோம். நிறைய எழுதி, அடித்து, கடைசியில் தேறியவை கொஞ்சம். என் வேலையை நேரில் வந்து பார்ப்பீர்களா? நான் சொல்வதில் எது ஹெச்.ஆருக்குப் போகும், எது போகாது? அதை எழுத்தில் தருவீர்களா? நான் தேறினேனா இல்லையா என்று யார் சொல்லவேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வி மார்ஷல் கோல்ட்ஸ்மித்திடமிருந்து சுட்டது. அமெரிக்காவின் பேர்போன கோச். வாடிக்கையாளரைச் சுற்றி வேலை பார்க்கிறவர்கள், ஆமாம் இவர் மாறியிருக்கிறார் என்று சொன்னால்தான் ஃபீஸ் வாங்குவேன் என்ற ஏற்பாட்டில் தொழில் செய்தவர். கணக்குப் பிள்ளை மனசுக்கு இதமான ஏற்பாடு. மாற்றம் வராது என்று தோன்றுகிற ஆளை அவர் முதலிலேயே எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது அதில் உள்ள சூட்சுமம்.

“உங்ககிட்ட வந்து உருப்படாமப் போனவங்க யாராவது இருக்காங்களான்னும் கேளுடா” என்றேன்.

“கேட்டா அடிக்க வருவாங்க.”

“அடிக்க வந்தா அதுவும் ஒரு பதில்தானே.”

வெள்ளிக்கிழமை மூவரிடமும் அரை மணி அரை மணி பேசினான். வங்கிக்காரர், நேரில் வந்து பார்ப்பது தன் முறை இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். உருப்படாதவர் யார் என்ற கேள்விக்கு, அப்படி யாருமே இல்லை என்றாராம். ஹெச்.ஆரில் இருந்தவர் வருவேன் என்றார், ஹெச்.ஆருக்கு என்ன போகும் என்று கேட்டபோது ‘பொதுவான முன்னேற்றம்’ என்றார். பொதுவான என்றால்? ‘அதான், பொதுவாக.’ அந்தப் பெண்மணி மட்டும் கொஞ்சம் யோசித்தாராம். இரண்டு பேர் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள், ஒருவரிடம் நான் அவசரப்பட்டேன், இன்னொருவருக்கு வேண்டியிருந்தது கோச் இல்லை, டாக்டர், அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வாரம் ஆயிற்று என்றிருக்கிறார். எத்தனை தடவை சந்தித்தோம் என்பது தவிர ஹெச்.ஆருக்கு வேறெதுவும் போகாது, எழுதித் தருகிறேன். மீட்டிங்குக்கு வருகிறேன், ஆனால் உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள், ஒளிந்திருந்து பார்க்கிற மாதிரி இருக்கக்கூடாது.

நண்பன் அவர் பெயரையே எழுதி அனுப்பிவிட்டான். சரியான தேர்வுதானா என்று ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும். அதையும் நண்பனைக் கேட்கக்கூடாது, அந்த நூற்று நாற்பது பேரைக் கேட்கவேண்டும்.

முந்தாநாள் மறுபடி போன். செவ்வாய்க்கிழமை முதல் மீட்டிங்குக்கு அவர் வருகிறாராம். குரலில் லேசாக நடுக்கம்.

“டீம்ல இவங்க யாருன்னு கேப்பாங்களேடா. என்ன சொல்லட்டும்?”

கவாண்டேவுக்கும் இந்தச் சங்கடம் வந்தது. தியேட்டரில் படுத்திருந்த ஒரு பெண், ஓரத்தில் நின்ற கிழவரைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டுவிட்டார். கவாண்டே சுற்றி வளைத்து ஏதேதோ சொல்லிவிட்டு, கடைசியில் எனக்கு ஒரு கோச் மாதிரி என்றிருக்கிறார். மயக்க மருந்து கொடுக்கப்போகும் நேரத்தில் அதைக் கேட்டு அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தைரியம் வந்ததாகத் தெரியவில்லை.

நண்பனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் எங்க சொதப்பறேன்னு பாக்க வந்திருக்காங்கன்னே சொல்லிடறேன்” என்றான்.